அடிபடாத வண்டி

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான்: அடிபட்ட வண்டியா? விற்கிறவர்கள் எல்லோரும் சொல்வதும் ஒரே பதில்தான்: கீறல்கூட இல்லை சார். பதினைந்து மழைக்காலம் பார்த்த ஒரு வண்டி, கடலூர் முதுநகரில் மீன் ஏற்றும் வேன்களுக்கு நடுவிலும் சிதம்பரம் மேலவீதியின் மாலை நேர நெரிசலிலும் புகுந்து வந்த வண்டி, எதன்மீதும் உரசாமல் இருந்திருக்க முடியாது என்பது கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே கேட்கிறோம், தெரிந்தே பொய்யை வாங்கிக்கொண்டு பானெட்டைத் திறக்கச் சொல்கிறோம். அந்தப் பொய்யை விற்பவரின் கணக்கில் எழுதிவிட்டுப் போவது எளிது. ஆனால் அதைக் கேட்டு வாங்குவது யார் என்ற எண்ணம் சில காலமாக என்னைவிட்டு அகலவில்லை. ஒரு பக்கம் நான் வண்டி தேடிக்கொண்டிருந்தேன். இன்னொரு பக்கம், எங்கள் வீட்டிலிருந்து போன நொறுங்கிய வண்டி ஒன்று இதே ஊர்களில் எங்கேயோ இன்னொருவருக்குக் காட்டப்பட்டுக்கொண்டிருந்திருக்கும். அதைக் காட்டியவர் என்ன சொல்லியிருப்பார் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டியதில்லை.

எங்கள் கார் நொறுங்கியது ஆலப்பாக்கத்துக்கும் புதுச்சத்திரத்துக்கும் நடுவில். முன்பு 45ஏ என்றும் இப்போது 32 என்றும் எண்ணிட்டிருக்கும் சாலை. இரவு, லேசான தூறல், ஓரத்தில் விளக்கில்லாமல் ஒரு லாரி. வண்டியின் மூக்கு கண்ணாடி வரைக்கும் மடிந்து வந்துவிட்டது. ரேடியேட்டர் நீரின் இனிப்பான வாடை, நசுங்கிய பேட்டரியின் புளித்த நெடி, அதற்கு நடுவே பின்னிருக்கையிலிருந்து அம்மாவின் குரல். நான்கு கதவுகளும் திறந்தன. யாருக்கும் எலும்புகூட முறியவில்லை. மறுநாள் பார்க்க வந்தவர்கள், “இந்தக் காலத்து வண்டியெல்லாம் தகரம், அம்பாசிடராக இருந்தால் இப்படி ஆகியிருக்குமா?” என்றார்கள். ஆகியிருக்காது. வண்டி அப்படியே நின்றிருக்கும், அடி எங்கள்மீது இறங்கியிருக்கும். ஒரு காரின் முன்னும் பின்னும் மடிந்துகொடுக்க வேண்டும், ஆட்கள் உட்காரும் நடுக்கூடு மட்டும் மடியக் கூடாது என்ற யோசனைக்கு பேலா பரேனி என்ற பொறியாளர் 1951இல் காப்புரிமை கோரினார். அந்த யோசனைப்படி முழுதாக வடிவமைத்த மெர்சிடிஸ் கார் 1959இல் வந்தது. அதுவரை கெட்டித்தன்மையே பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் இன்னமும் அப்படித்தான் நம்புகிறார்கள். பட்டறை வாசலில் நின்றிருந்த அந்தத் தகரக் குவியலை நான் பார்த்தபோது அழிவு தெரியவில்லை. தன் வேலையைச் சரியாக முடித்த ஒன்று தெரிந்தது. அதனால்தான் அதற்குப் பிறகு அதற்கு நடந்தவற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சீரமைக்கும் செலவு காப்பீட்டில் குறித்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது முழு இழப்பு என்பது விதி. சர்வேயர் வந்தார், எல்லாப் பக்கமும் படம் பிடித்தார், மடிந்த சட்டத்தின் கீழே கைவிளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் முன்னால் இரண்டு தொகைகள் வைக்கப்பட்டன. ஆர்.சி.யை ரத்து செய்து வெறும் இரும்பாகக் கொடுத்தால் சிதைவுக்கு ஒரு விலை. ஆர்.சி.யோடு கொடுத்தால் அதைவிடக் கூடுதல் விலை. இரும்பு அதே இரும்புதான். கூடுதலாகக் கிடைக்கும் பணம் அந்த அட்டைக்கு, அதாவது அந்த வண்டி மறுபடி சாலையில் ஓடலாம் என்ற அனுமதிக்கு. அழிந்துபோன அல்லது நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாமல் போன வண்டியை 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது. நிரந்தரமாக என்பதை யார் முடிவு செய்வது? இழுவைச் சங்கிலியும் வெல்டிங்கும் பட்டியும் இருக்கிற பட்டறைக்காரருக்கு நிரந்தரம் என்று எதுவுமில்லை. வீட்டில் எல்லோரும் கலந்து பேசி, வண்டி ஆர்.சி.யோடு போனது. படிவம் 29, படிவம் 30, கையெழுத்து, பெயர் மாற்றம், எல்லாம் சட்டப்படி. இப்போதும் சில இரவுகளில் பரிவாகன் செயலியைத் திறந்து அந்தப் பழைய எண்ணைத் தட்டிப் பார்க்கிறேன். நடப்பில் இருக்கிறது என்று வருகிறது. எஃப்.சி. எப்போது வரை, இன்சூரன்ஸ் எப்போது வரை என்று வருகிறது. உரிமையாளர் பெயர் நட்சத்திரக் குறிகளுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. ஆலப்பாக்கத்தில் அந்த இரவில் நடந்ததைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த வண்டி ஸ்டேஷன் வேகனாக இருக்க வேண்டும் என்பது அம்மாவின் முழங்காலால் முடிவானது. அவரை மாதந்தோறும் அண்ணாமலை நகர் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். கூடவே சக்கர நாற்காலியும் வர வேண்டும். இப்போது வீதியெல்லாம் நிறைந்திருக்கும் உயரமான வண்டிகளில் அவரால் காலைத் தூக்கி ஏற முடியாது. சின்னக் கார்களில் ஏறலாம், நாற்காலிக்கு இடமில்லை. டிக்கி வைத்த கார்களில் நாற்காலியைச் சாய்த்தும் திருப்பியும் நுழைத்தால் மூடி மூடாது. காரின் தாழ்வான இருக்கையும், பின்னால் கூரை மட்டம் வரை திறக்கும் கதவும், தட்டையான தளமும் சேர்ந்த உடம்பு வேகனுக்கு மட்டும்தான் உண்டு. இந்தியாவில் அந்த உடம்பு நிலைக்கவில்லை. 1992இல் டாடா எஸ்டேட் வந்தது, 1948 சிசி டீசல், அந்தக் காலத்துக்கு ஆடம்பரம். பிறகு மாருதி பலேனோ ஆல்டுரா, ஸ்கோடா ஆக்டேவியா காம்பி, 2004இல் டாடா இண்டிகோ மரினா. ஒவ்வொன்றும் வந்தது, கொஞ்ச காலம் நின்றது, போனது. ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று ஊரே சொன்னது. சாவு வண்டி என்று சொன்னவர்களும் உண்டு. பழைய அம்பாசிடர் வேகன்களை அந்த இரண்டு வேலைக்கும் ஓட்டிப் பார்த்த கண்களுக்கு வேறெப்படித் தோன்றும்? 2006 பட்ஜெட் வரியின் வழியே இன்னொரு அடி கொடுத்தது. நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய கார்களுக்குக் கலால் வரி குறைந்தது. நிறுவனங்கள் நீளத்தை வெட்டத் தொடங்கின. அதே இண்டிகோவின் வாலைக் குறைத்து 2008இல் சி.எஸ். என்று விற்றார்கள். முதியவரையும் அவருடைய நாற்காலியையும் சேர்த்துச் சுமக்கக்கூடிய அந்தப் பின்பாதிதான் வரிக்கணக்கில் மிகையாகிப்போனது. ஆகவே வேகன் வேண்டும் என்றால் பழையதுதான். பழையது என்றால் 15 ஆண்டு முடிந்து, ஐந்தாண்டுக்கு எஃப்.சி. நீட்டித்தவைதான்.

மஞ்சக்குப்பத்தில் புரோக்கர் காட்டிய வெள்ளி நிற மரினா வெயிலில் மின்னியது. மின்னியதுதான் முதல் சந்தேகம். கடற்கரைக் காற்றில் நின்ற வண்டிக்கு அந்தப் பளபளப்பு இயல்பாக வராது. இங்கே உப்பு முதலில் கதவின் அடிவிளிம்பைத் தின்னும், பிறகு சக்கர வளைவின் உள்பக்கத்தை. எங்கள் மெக்கானிக் பெயிண்டை விரல்நுனியால் தட்டிக்கொண்டே போனார். தகரம் உள்ள இடத்தில் மணியோசை, பட்டி உள்ள இடத்தில் மந்தமான ஓசை. பானெட்டுக் கீலின் போல்ட்டுத் தலைகளில் பெயிண்ட் உடைந்திருக்கிறதா, கண்ணாடிகளின் மூலையில் பொறித்த ஆண்டு எல்லாவற்றிலும் ஒன்றுதானா என்று பார்த்தார். பிறகு சீட் பெல்ட்டை அதன் முழு நீளத்துக்கும் இழுத்தார். நாம் தினமும் இழுக்கும் அளவுக்குப் பெல்ட் சுத்தமாக இருந்தது. அதற்கப்பால், சுருளின் அடி ஆழத்தில் இருந்து வந்த கடைசி இரண்டு சாண், வண்டல் நிறத்தில் இருந்தது. “தண்ணி குடிச்ச வண்டி சார், வேணாம்” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். எந்தத் தண்ணீர்? 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் பல ஊர்களுக்கும் பிரிந்து போயின. அதற்கு முந்தைய மாதமே எங்கள் மாவட்டம் வெள்ளம் பார்த்தது. 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் ஃபெங்கல் புயலுக்குப் பின் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணை கரைமீறியபோது கடலூரின் கரையோரக் குடியிருப்புகளில் கார்கள் கூரை மட்டும் தெரிய நின்றன. அந்த வண்டல் எந்த ஆற்றுடையது என்று பெல்ட்டால் சொல்ல முடியாது. அந்த வீட்டார் எதையெல்லாம் இழந்துவிட்டு இந்த வண்டியையும் கைவிட்டார்கள் என்பதையும் சொல்ல முடியாது. இத்தனை பேரின் துயரத்தைப் பட்டியும் பாலிஷும் போட்டுத் துடைத்துவிட்டு, ஒன்றுமே நடக்காத பொருளாக அதை வெயிலில் நிறுத்தியிருந்தார்கள்.

வண்டியைப் பார்த்து எதையும் நிச்சயிக்க முடியாதபோது ஆளைப் பார்க்கத் தொடங்குகிறோம். சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி, பல்கலைக்கழகப் பேராசிரியர் வண்டி, பேங்க் மேனேஜர் வண்டி. புரோக்கர்கள் விற்பது பாதி இதைத்தான். போர்டு வண்டி என்றால் ஒதுக்கிவிடுகிறோம். வண்டியை நம்பிச் சோறு உண்ணும் வாடகைக் கார் ஓட்டுநர் ஆயில் மாற்றும் நாளைத் தவறவிட மாட்டார், டாக்டர் தவறவிடுவார் என்பது தெரிந்திருந்தும் அப்படித்தான் செய்கிறோம். மனிதர்களுக்கு ஊர் கொடுத்துவைத்திருக்கும் அந்தஸ்து அவர்களுடைய இன்ஜினுக்கும் ஏறிவிடுகிறது. பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைத்தான் எடுத்துக்கொண்டது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது வாங்குபவர் எல்லா வண்டிக்கும் சந்தேகத்தைக் கழித்தே விலை சொல்வார், அந்த விலைக்குக் கட்டுப்படியாகாத நல்ல வண்டிகள் சந்தையைவிட்டு விலகும், மோசமானவை மிஞ்சும் என்றது அது. பின்னாளில் நோபல் பரிசும் அவருக்கு வந்தது. அந்த வாதத்தை மறுக்க எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் மஞ்சக்குப்பம் வெயிலில் நின்றபோது அதற்கு முந்தைய ஓர் இடம் என் கண்ணில் பட்டது. மறைக்கும் ஆசை விற்பவருக்கு எங்கிருந்து வருகிறது? உள்ளதைச் சொன்ன அடுத்த நிமிடமே நாம் எழுந்து போய்விடுவோம் என்று அவருக்குத் தெரியும். முன்பக்கம் ஒருமுறை வேலை பார்த்தது என்று சொன்னவரிடம் வேலையின் தரத்தை யாரும் கேட்பதில்லை. விலையைப் பாதியாக்கிக் கேட்கிறார்கள், அல்லது போனை வைத்துவிடுகிறார்கள். காயமே படாத ஒன்றைக் கேட்கும் நாம்தான் காயத்தை மறைக்கும் தொழிலுக்கு ஆண்டு முழுதும் கூலி கொடுக்கிறோம்.

இது நம் மண்ணின் இயல்பு என்று சொல்லிவிடவும் முடியவில்லை. சிதம்பரம் கீழவீதியில் தேரடியில் நிற்கும் தேர்களைப் பார்க்கிறேன். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ஐந்து தேர்கள் நான்கு வீதியும் சுற்றி வருகின்றன. தேர் மரம் உளுக்கும், அச்சு தேயும், சக்கரம் பிளக்கும். பழுது பார்க்காமல் எந்தத் தேரும் ஒரு தலைமுறையைத் தாண்டியதில்லை. ஆனால் அந்தப் பழுதுபார்ப்பை யாரும் ஒளிப்பதில்லை. அதற்குத் திருப்பணி என்று பெயர். எந்த ஆண்டு எந்தத் தட்டு மாற்றியது, எந்த ஊர் ஸ்தபதி வந்தார், மரம் யார் உபயம் என்று ஊர் சொல்லிக்கொண்டே இருக்கும், பலகையிலும் எழுதிவைக்கும். முதுநகர்த் துறைமுகத்தில் மரப்படகு விற்கிறவர்களும் ஒட்டுப்போட்ட பலகையை மறைக்க முயல்வதில்லை. வாங்குகிறவர் அந்த ஒட்டின்மீதுதான் முதலில் கைவைப்பார், எந்த ஆசாரி போட்டது என்று கேட்பார். நல்ல கை என்று தெரிந்தால் விலை குறையாது. கடலுக்குப் போகிற ஒன்றில் பழுதை மறைப்பது கொலைக்குச் சமம் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தேருக்கும் படகுக்கும் இருக்கிற இந்த நேர்மை காருக்கு ஏன் இல்லாமல் போனது? புதிது என்பதையே மதிப்பாக விற்கிற பொருள் என்பதாலா, வாசலில் நிற்கும் அது நம் குறையற்ற வாழ்வுக்குச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதாலா? எனக்கு இரண்டாவதுதான் காரணம் என்று படுகிறது. தேர் ஊருடையது, அதன் குறை யாருக்கும் தனிப்பட்ட அவமானமில்லை. கார் என்னுடையது, அதன் நசுங்கல் என் நசுங்கல்.

கடைசியில் கிடைத்த வேகன் அண்ணாமலை நகரில், ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டில் இருந்தது. அதுவும் மரினாதான், டீசல், 1405 சிசி, கரும்பச்சை. கேள்வியை நான் தொடங்குவதற்குள் அவரே சொன்னார்: “தம்பி, இது அடிபட்ட வண்டி. முதல்ல அதைச் சொல்லிடறேன், அப்புறம் உட்காந்து பேசுவோம்.” 2011 டிசம்பர் 30, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறிய காலை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த அதே நாளில், உறவினர் வீட்டு வாசலில் நின்ற இந்த வண்டிமேல் வேப்பமரம் விழுந்திருக்கிறது. கூரையின் பின்பாதியும் பின்கதவும் போயின. வண்டியின் முன்பாதி இண்டிகாவோடு ஒத்துப்போகும், எந்தக் கடையிலும் பொருள் கிடைக்கும், பின்பாதிக்குத்தான் அலைய வேண்டியிருந்தது என்றார். பின்கதவு எங்கிருந்து வந்தது, கூரையில் வெல்டிங் எந்த இடத்தில் சேர்கிறது, மழை ஒழுகிய இரண்டு பருவங்கள் எப்படிப் போயின, யார் அதைக் கடைசியாக நிறுத்தினார் என்று கைவைத்துக் காட்டினார். பில்கள் ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தன. பின்கண்ணாடியின் மூலையில் இருந்த ஆண்டு மற்றவற்றோடு பொருந்தவில்லை. பொருந்தாது என்று அவர் முன்பே சொல்லியிருந்தார். மெக்கானிக் தட்டிக்கொண்டே போனார். மந்தமான ஓசை வரவேண்டிய இடத்தில் வந்தது, மணியோசை வரவேண்டிய இடத்தில் வந்தது. பார்த்த வண்டிகளில் இந்த ஒன்றில்தான் பேச்சும் தகரமும் ஒத்துப்போயின.

இருந்தும் அந்த வண்டியை எடுப்பது எளிதாக இல்லை. அதில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. ஏ.பி.எஸ். புதுக் கார்களுக்குக் கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். ஓட்டுநருக்கான ஏர்பேக் அதே ஆண்டு ஜூலையில், முன்னிருக்கைக்காரருக்கானது 2021 முடிவதற்குள். ஒரு மோதலிலிருந்து உயிரோடு வெளியே வந்த குடும்பம், அந்த ஆண்டுகளுக்கு முந்தைய வண்டிக்குள் திரும்பிப் போவது சரியா? அதே பணத்துக்கு, ஏர்பேக் உள்ள சின்னக் கார் கொஞ்சம் ஓடியதாகக் கிடைக்கும். அதில் அம்மாவின் நாற்காலி ஏறாது. நாற்காலி இல்லாமல் அம்மா வெளியே வர மாட்டார், வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவார். பாதுகாப்பாக வீட்டில் இருத்துவதும் ஒரு தீங்குதான். இந்த இரண்டையும் எந்தத் தராசில் வைப்பது என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவாகவில்லை. ஆனால் மெக்கானிக் சொன்ன ஒன்று என் நிம்மதியின்மைக்கு ஒரு முகம் கொடுத்தது. கூரையில் விழுந்த மரத்தைவிட, முன்சட்டத்தில் பட்ட அடிதான் அவருக்கு முக்கியம். முன்சட்டம் ஒருமுறை மடிந்தால், சூடுகாட்டி இழுத்து நேராக்கலாம், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அது வடிவமைத்தபடி இரண்டாம் முறை மடியும் என்று யாரும் உறுதி தர முடியாது. அடுத்த மோதலில் விசையை எங்கே விழுங்கும், எங்கே அப்படியே உள்ளே அனுப்பும் என்பது பட்டறையில் யாரும் அளந்து பார்க்காத விஷயம். மரினாவின் முன்சட்டத்தில் ஆலையில் போட்ட சீலன்ட் அப்படியே இருந்தது. எங்களிடமிருந்து ஆர்.சி.யோடு போன வண்டியில் அது இருக்க வழியில்லை.

அப்படியானால் காயத்தை மறைப்பதை விலைப் பேரமாக மட்டும் பார்க்க முடியாது. பிரிட்டனில் காப்பீட்டு நிறுவனங்கள் கைவிட்ட வண்டிகளை வகை பிரித்துப் பதிகிறார்கள். 2017 அக்டோபரிலிருந்து, சட்டகத்தில் அடிபட்டது எஸ், மற்றபடிச் சேதமானது என் என்று அந்த எழுத்து வண்டியின் வரலாற்றோடு ஒட்டிக்கொள்கிறது. அமெரிக்க மாநிலங்களில் உரிமைப் பத்திரத்திலேயே இது மீட்டெடுத்த வண்டி என்ற முத்திரை ஏறும். அந்த வண்டிகளையும் வாங்குகிறார்கள், ஓட்டுகிறார்கள், தெரிந்து ஓட்டுகிறார்கள். நம் ஆர்.சி.யில் நிறத்துக்கு இடம் இருக்கிறது, எரிபொருளுக்கு இருக்கிறது, கடன் கொடுத்தவரின் பெயருக்கு இருக்கிறது. முழு இழப்பு என்று காப்பீட்டு நிறுவனம் எழுதி முடித்த வண்டிக்கு ஒரு வரி சேர்க்க அதிகம் செலவாகாது. படமும் அறிக்கையும் ஏற்கெனவே அவர்களிடம் இருக்கின்றன. பதிவேட்டில் ஏற்றினால் போதும். ஆனால் சட்டம் வரும்வரை காத்திருக்காமல் வாங்குகிறவர்கள் மாற்றிக்கொள்ளக்கூடியதும் உண்டு. அடிபட்டதா என்று கேட்பதை நிறுத்தலாம். எங்கே பட்டது, யார் சரிசெய்தார்கள், எதை மாற்றினார்கள் என்று கேட்கலாம். பதில் சொன்னவரிடம் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கலாம். நேர்மைக்கு விலை குறைகிற சந்தையில் நேர்மையை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை.

கரும்பச்சை மரினா எங்கள் வீட்டுக்கு வந்தது. பின்தளத்தில் நாற்காலி ஏறுகிறது, அம்மா தானாகவே உட்கார்கிறார். பெரியவரின் பில்களோடு எங்கள் பில்களும் இப்போது அதே கவரில் சேர்கின்றன. அடுத்து வாங்கப்போகிறவருக்கு அது கேட்காமலே கிடைக்கும். பழைய வண்டியின் சர்வே படங்களையும் நகல் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த எண்ணை வைத்திருப்பவர் என்றைக்காவது தேடி வந்தால் கொடுப்பேன். அவர் நன்றி சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. விற்கப்போகும் நேரத்தில் வந்தால், என் படங்கள் அவருக்கு நட்டம். வாங்கிய ஆத்திரத்தில் வந்தால், என்னையும் சேர்த்துத்தான் திட்டுவார். இருந்தாலும் கொடுத்தாக வேண்டும். மடிந்து நிமிர்ந்த அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இன்று உட்கார்ந்து வருவது அவர் வீட்டு மனிதர்கள்.